துப்பாக்கியைக் கீழே வைத்த பிறகு எங்கே போவது? சம்பல் கொள்ளையர்களுக்கு வழி தேடிய ஜே.பி.!

எம்.ஜி.ஆர் நடித்த 'பல்லாண்டு வாழ்க' படத்தைப் பார்க்காதவர்கள் நம்மூரில் குறைவு. கொலைக் குற்றவாளிகள் ஆறு பேரை ஒரு சிறை அதிகாரி வெட்டவெளிக்கு அழைத்துப்போய், நிலத்தைத் திருத்தி, விவசாயம் பண்ண வைத்து மனிதர்களாக்குவார். 1975-ல் வந்த அந்தப் படம், சாந்தாராமின் 'தோ ஆங்கேன் பாரா ஹாத்' இந்திப் படத்தின் தமிழ் வடிவம். சாந்தாராமுக்கு அந்தக் கதை கிடைத்ததும் நிஜத்தில் இருந்துதான். மகாராஷ்டிரத்தின் ஔந்த் சமஸ்தானத்தில் அப்படி ஒரு திறந்தவெளிச் சிறை உண்மையாகவே இருந்தது.

படத்தில் ஆறு பேர். ஆனால், நானூறு பேருக்கு மேல் அப்படி ஒரே வருடத்தில் வந்து நின்றால் என்ன பண்றது? அதுவும், தலைக்கு விலை வைக்கப்பட்ட சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளையர்கள்! 1972-ல் அது நடந்தது. அதற்கு முன்னால் நின்றவர் அப்போது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த, உடம்பு சரியில்லாத ஒரு பெரியவர். பெயர், ஜெயப்பிரகாஷ் நாராயண். சுருக்கமாக ஜே.பி.

ஜே.பி என்றதும் நமக்கு நெருக்கடி நிலைதான் ஞாபகத்துக்கு வரும். இந்திரா காந்தியை எதிர்த்தவர், ஜனதா கட்சி உருவாகக் காரணமானவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அதற்கு மூன்று வருடங்களுக்கு முன்னால் அவர் செய்த இந்தக் காரியத்தைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

தேடப்பட்டவர்தான் அவரும்!

பீகாரில், கங்கையும் சரயுவும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் சிதாப்தியாரா என்று ஒரு கிராமம். 1902 அக்டோபர் 11-ல் அங்கே பிறந்தார் ஜே.பி. 1920-ல் கல்யாணம். மனைவி பிரபாவதி, சம்பாரண் போராட்டத்தில் காந்தியுடன் நின்ற வழக்கறிஞர் பிரஜ்கிஷோர் பிரசாத்தின் மகள். 1922-ல் ஜே.பி படிக்க அமெரிக்கா போனார். வீட்டில் இருந்து பணம் வராது. பழத்தோட்டத்தில் கூலி வேலை, ஹோட்டலில் தட்டு கழுவுவது என்று கிடைத்த வேலையைப் பார்த்துத்தான் படித்தார். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் முதுகலைப் பட்டம் வாங்கினார். போகும்போது தேசியவாதி, 1929-ல் திரும்பி வரும்போது மார்க்சியவாதி.

அவர் அமெரிக்காவில் இருந்த காலத்தில் பிரபாவதி காந்தியின் ஆசிரமத்தில் வளர்ந்தார். கணவர் புரட்சி பேசினார், மனைவி ராட்டை சுற்றினார். ஒரே வீட்டில் இரண்டு பாதைகள். ஆனால், கடைசிவரை பிரியவில்லை.

1942-ல் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் வெடித்தபோது ஜே.பி ஹஜாரிபாக் சிறையில் இருந்தார். அந்த வருடத் தீபாவளி இரவு. காவலர்கள் கொண்டாட்டத்தில் இருந்த நேரம், வேட்டிகளை முடிச்சுப் போட்டுக் கயிறாக்கி, ஐந்து தோழர்களோடு மதில் ஏறிக் குதித்துத் தப்பினார். அப்புறம் நேபாள எல்லைக்குப் போய், இளைஞர்களுக்கு ஆயுதப் பயிற்சி கொடுக்க ஒரு படையைத் திரட்டினார். அங்கே பிடிபட்டபோது, அவருடைய ஆட்களே காவலைத் தாக்கி அவரையும் ராம் மனோகர் லோகியாவையும் மீட்டார்கள். பிரிட்டிஷ் அரசு அவர் தலைக்குப் பரிசு அறிவித்தது. 1943-ல் பஞ்சாபில் ரயிலில் வைத்துப் பிடித்தார்கள். லாகூர் கோட்டையில் நாள் கணக்கில் தூங்கவிடாமல் விசாரித்தார்கள். 1946-ல்தான் வெளியே விட்டார்கள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறோம் என்றால், பின்னாளில் சம்பல் கொள்ளையர்கள் இவரைத் தேடி வந்ததற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. கொள்ளையனையும் விடுதலைப் போராளியையும் ஒரே தட்டில் வைக்க முடியாதுதான். ஆனால், போலீஸுக்குப் பயந்து இரவில் இடம் மாறுவது என்றால் என்ன, நம்பின ஆள் காட்டிக்கொடுப்பானோ என்ற பயம் எப்படி இருக்கும் என்பதெல்லாம் ஜே.பி-க்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயம் இல்லை. துப்பாக்கியை நம்பி, பிறகு அந்த நம்பிக்கையில் இருந்து தானாகவே வெளியே வந்தவர் அவர்.

சுதந்திரத்துக்குப் பிறகு பதவி அவரைத் தேடி வந்தது. அவர் அந்தப் பக்கம் போகவில்லை. 1954-ல் கட்சி அரசியலை விட்டு, வினோபா பாவேயின் சர்வோதய இயக்கத்துக்கு வாழ்க்கையையே கொடுத்துவிட்டார். 1964-ல் நாகாலாந்து அமைதிக் குழுவில் இருந்தார். 1970-ல் பீகாரின் முசாஹரியில் இரண்டு சர்வோதய ஊழியர்களைக் கொல்லப்போவதாக நக்சலைட்டுகள் மிரட்டினார்கள். ஓய்வில் இருந்த ஜே.பி கிளம்பி அங்கேயே போய் உட்கார்ந்துவிட்டார். மாதக்கணக்கில் வீடு வீடாகப் போனார். இளைஞர்கள் ஏன் துப்பாக்கி தூக்குகிறார்கள் என்று கேட்டபோது கிடைத்த பதில்கள் எல்லாம் நிலம், கூலி, வட்டி என்றே இருந்தன. முதலில் அதைச் சரிபண்ண வேண்டும் என்பது அவர் கண்டுகொண்ட பாடம்.

பள்ளத்தாக்கும் பழியும்

சம்பல் ஆறு மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களின் எல்லையை ஒட்டி ஓடுகிறது. மழையும் ஆறும் மண்ணை அரித்து, ஆளை விழுங்கும் மண் பள்ளங்களாக அந்தப் பகுதியையே மாற்றிவைத்திருக்கின்றன. உள்ளே போனால் நாலு வளைவுக்கு அப்புறம் திசையே தெரியாது. ஒரு மாநில போலீஸ் துரத்தினால், அடுத்த மாநிலத்துக்குள் இறங்கிவிடலாம். ஒளிந்துகொள்ள இதைவிட என்ன வேண்டும்?

அங்கே இருந்தவர்கள் தங்களைக் கொள்ளையர் என்று சொல்லிக்கொள்ள மாட்டார்கள். பாகி என்பார்கள். கலகக்காரன் என்று அர்த்தம். பெரும்பாலானவர்களின் கதை ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். பங்காளிகளோடு நிலத் தகராறு, போலீஸும் கோர்ட்டும் பணம் உள்ளவன் பக்கம், அவமானம், ஒரு கொலை, அப்புறம் பள்ளத்தாக்கு. அங்கே போய்விட்டால் சாப்பாட்டுக்கும் தோட்டாவுக்கும் பணம் வேண்டும். அதற்கு ஆள்கடத்தல், கொள்ளை. செத்தவன் வீட்டில் இருந்து ஒருவன் பழிவாங்கக் கிளம்புவான். அவனும் ஒருநாள் பாகி ஆவான். அந்தக் காலத்தின் பெரிய கும்பல் தலைவர்களில் ஒருவரான மோகர் சிங்கின் கதையும் நிலத் தகராறில் ஆரம்பித்ததுதான்.

இதற்காக அவர்கள் செய்தது நியாயமாகிவிடாது. அவர்களால் தாலி இழந்த பெண்கள், அப்பாவை இழந்த பிள்ளைகள் ஊர் ஊராக இருந்தார்கள்.

வினோபா போட்ட முதல் அடி

மான் சிங் என்ற பெரிய கொள்ளையர் 1955-ல் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மகன் தெஹ்சில்தார் சிங், நைனி சிறையில் தூக்குக்காகக் காத்திருந்தபோது வினோபாவுக்குக் கடிதம் எழுதினார். பூமிதான யாத்திரையில் இருந்த வினோபா, 1960 மே மாதம் சம்பல் பகுதிக்குள் நடந்தே போனார். ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் யதுநாத் சிங் பள்ளத்தாக்குக்குள் போய்ப் பேசினார். லுக்கா என்ற லோக்மன் தீட்சித் உட்பட 20 பேர் வினோபா முன்னால் ஆயுதத்தை வைத்தார்கள்.

நாடே ஆச்சரியப்பட்டது. ஆனால், அதற்கு அப்புறம் என்ன என்று யாரும் யோசித்து வைக்கவில்லை. காவல்துறைக்கு இந்த ஏற்பாடே பிடிக்கவில்லை. சட்டத்தைத் தாண்டிச் சாமியார்கள் பேரம் பேசுவதா என்பது அவர்கள் வாதம். வழக்கு யார் நடத்துவது, குடும்பத்தை யார் பார்ப்பது, விடுதலையானால் எங்கே குடியிருப்பது என்று எதற்கும் பதில் இல்லை. வந்த 20 பேரோடு அந்த அலை நின்றுபோனது.

காண்ட்ராக்டர் வேஷத்தில் வந்தவர்

1971-ன் பிற்பகுதி. பாட்னாவில் ஜே.பி வீட்டுக்கு ஒருவர் வந்தார். ராம் சிங், காண்ட்ராக்டர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். சம்பல் பாகிகள் சரணடைய விரும்புகிறார்கள், நீங்கள்தான் முன்னால் நிற்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. ஜே.பி ஒப்புக்கொள்ளவில்லை. உடம்பு முடியவில்லை, இது வினோபா ஆரம்பித்த வேலை, அவரிடமே போங்கள் என்றார். வந்தவர் விடுவதாக இல்லை. வினோபாவோ, இதற்குச் சரியான ஆள் ஜே.பி-தான் என்று கைகாட்டிவிட்டார்.

ஒரு கட்டத்தில் வந்தவர் உண்மையைச் சொன்னார். அவர் காண்ட்ராக்டர் இல்லை. ராணுவத்தில் வேலை பார்த்து, பிறகு பள்ளத்தாக்குக்குப் போன மாதோ சிங். தலைக்கு லட்ச ரூபாய்க்கு மேல் விலை இருந்த ஆள்! அத்தனை தூரம் ரயிலேறி வந்து, ஆயுதமில்லாமல் எதிரில் உட்கார்ந்திருந்தார். ஜே.பி அவரை நம்பினார். தன்னை நம்பி வந்தவனைத் திருப்பி அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை.

இங்கேதான் ஜே.பி-யின் முக்கியமான காரியம் ஆரம்பிக்கிறது. மேடை போட்டு ஆயுதம் வாங்குவதற்கு முன்னால், மாதக்கணக்கில் அவர் செய்தது கடிதம் எழுதுவதும் ஆள் பார்ப்பதும்தான். மத்திய அரசோடு பேசினார். மூன்று மாநில முதலமைச்சர்களோடு பேசினார். கோரிக்கைகள் சின்னவை, ஆனால் தெளிவானவை. சரணடைபவர்கள் சட்டப்படி வழக்கைச் சந்திப்பார்கள், தண்டனையை ஏற்பார்கள். ஆனால், யாரையும் தூக்கில் போடக் கூடாது. குடும்பத்தைப் போலீஸ் தொந்தரவு செய்யக் கூடாது. பிள்ளைகள் படிக்க, குடும்பம் பிழைக்க வழி வேண்டும்.

1960-ல் எங்கே கோட்டை விட்டோம் என்பதை அவர் கவனித்து வைத்திருந்தார் என்பது இதிலேயே தெரிகிறது. மனசு மாறுவது ஒருநாள் சமாசாரம். மாறின மனசோடு மறுநாள் காலையில் அவன் எங்கே போவான் என்பதுதான் கஷ்டமான கேள்வி. ஜே.பி அந்த மறுநாளுக்கு ஏற்பாடு பண்ணிவிட்டுத்தான் முதல் நாளைக் குறித்தார்.

இன்னொரு புத்திசாலித்தனமான காரியமும் செய்தார். பள்ளத்தாக்குக்குள் தூது போக அவர் சேர்த்துக்கொண்டவர்களில், 1960-ல் திருந்திய லோக்மனும், தூக்கில் இருந்து தப்பிய தெஹ்சில்தார் சிங்கும் இருந்தார்கள். போலீஸ் சொன்னால் நம்பாதவர்கள், தங்களைப் போலவே வாழ்ந்து வெளியே வந்தவர் சொன்னால் கேட்பார்கள் இல்லையா? இன்றைக்குக் கும்பல்களில் இருந்து இளைஞர்களை மீட்க உலகின் பல நகரங்களில் முன்னாள் கும்பல் ஆட்களையே பயன்படுத்துகிறார்கள். சம்பலில் அது 1971-லேயே நடந்திருக்கிறது.

மொரேனா மாவட்டத்தில் ஜௌரா என்ற ஊரில் காந்தியவாதி சுப்பாராவ் ஓர் ஆசிரமம் நடத்திவந்தார். முழுப்பெயர் சேலம் நஞ்சுண்டய்யா சுப்பாராவ். பிறந்தது பெங்களூரு என்றாலும், பெயரிலேயே நம்ம சேலம் இருக்கிறது பாருங்க! அரைக்கால் சட்டையும் கதர்ச் சட்டையுமாகத் திரிந்து, ஊர் ஊராக இளைஞர் முகாம் நடத்தி, பாட்டுப் பாடிப் பழகியவர். அவருடைய ஆசிரமம்தான் இந்த வேலைக்குத் தளம்.

1972 ஏப்ரல் 14

ஏப்ரலில் ஜே.பி-யும் பிரபாவதியும் ஜௌராவுக்குப் பக்கத்தில் உள்ள பகாரா கிராமத்துக்கு வந்து தங்கினார்கள். அந்தப் பகுதியை அமைதி மண்டலமாக அறிவித்து, போலீஸ் துப்பாக்கியைத் தொடாது என்று ஏற்பாடு. பள்ளத்தாக்கில் இருந்து கும்பல் கும்பலாக ஆட்கள் வெளியே வந்தார்கள். ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டிருந்த எதிர்க் கும்பல்கள், ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டன. வருடக்கணக்கில் பார்க்காத மனைவி, பிள்ளைகளைப் பலர் அங்கேதான் பார்த்தார்கள்.

14-ம் தேதி ஜௌராவில் மேடை. காந்தி படம். சுற்றிலும் ஆயிரக்கணக்கில் கூட்டம். மோகர் சிங் வந்து துப்பாக்கியை ஜே.பி-யின் காலடியில் வைத்துக் கும்பிட்டார். அவர் பின்னால் அவருடைய ஆட்கள். இரண்டு நாள் கழித்து மாதோ சிங்கும் வந்தார். காண்ட்ராக்டர் வேஷத்தில் வந்து வழி கேட்டவர், சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். அப்புறம் ராஜஸ்தான் பக்கம், பண்டேல்கண்ட் பக்கம் என்று அந்த வருடத்திலேயே சரணடைந்தவர்கள் எண்ணிக்கை 400-ஐத் தாண்டியது.

எல்லோரும் கைதட்டவில்லை. கொலைகாரர்களைச் சினிமா ஹீரோக்கள் மாதிரி ஆக்குகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. புகைப்படக்காரர்கள் மொய்த்தது ஜே.பி-க்கே சங்கடமாக இருந்தது. இவர்களால் செத்தவர்களின் குடும்பங்களுக்கு யார் மேடை போட்டார்கள் என்ற கேள்வியும் எழுந்தது. நியாயமான கேள்வி. துப்பாக்கி வைத்திருந்தவனுக்கு அரசு வீடு தேடி வருகிறது, பயந்து வாழ்ந்தவனுக்கு ஒன்றுமில்லை என்று நினைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்த மாதிரி எந்த மறுவாழ்வு முயற்சியும் இன்றுவரை தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

ஜே.பி பக்கத்து வாதம் இதுதான். தண்டனை வேண்டாம் என்று அவர் கேட்கவே இல்லை. தூக்கு மட்டும் வேண்டாம் என்றார். ஒருவனைச் சுட்டால் அவன் தம்பி பள்ளத்தாக்குக்குப் போவான். அவனே வந்து ஊர் முன்னால் தப்பை ஒப்புக்கொண்டு ஜெயிலுக்குப் போனால், அந்தச் சங்கிலி அங்கே அறும்.

ஜெயிலுக்குள் ஒரு வயல்

சரணடைந்தவர்கள் குவாலியர் உள்ளிட்ட சிறைகளுக்குப் போனார்கள். வழக்குகள் நடந்தன, பலருக்கு நீண்ட தண்டனை கிடைத்தது. 1973-ல் மத்தியப் பிரதேசத்தின் முங்காவலியில் இவர்களுக்கென்றே ஒரு திறந்தவெளிச் சிறை தொடங்கப்பட்டது. பெரிய மதில் இல்லை. வயல், தோட்டம், வேலை. நேற்றுவரை மூன்று மாநில போலீஸைத் தண்ணி காட்டியவர்கள் அங்கே உழவு பண்ணினார்கள். ஓடிப்போக நினைத்தால் ஒரு நிமிஷம் ஆகாது. ஆனாலும் இருந்தார்கள். கொடுத்த வாக்கு அங்கே மதிலாக நின்றது.

வெளியே வந்த பிறகுதான் நிஜமான சோதனை. நிலம் தருவதாக அரசு சொன்னது. சிலருக்குக் கிடைத்தது, சிலர் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார்கள். மாதோ சிங் மேஜிக் கற்றுக்கொண்டு ஊர் ஊராக நிகழ்ச்சி நடத்தினார். மோகர் சிங் பிந்த் மாவட்டத்தின் மேகாவ் ஊரில் குடியிருந்து, பின்னாளில் அந்த நகரப் பஞ்சாயத்துத் தலைவராகவும் ஆனார். அதே ஊர்க்காரர்கள் போட்ட ஓட்டு! 2020-ல் தொண்ணூறைத் தாண்டிய வயதில் இறந்துபோனார். போலீஸ் தோட்டாவில் சாக வேண்டிய ஆள், பேரப்பிள்ளைகள் சூழக் கட்டிலில் செத்தார்.

அதோடு சம்பல் அமைதியாகிவிட்டதா என்றால், இல்லை. புதுக் கும்பல்கள் வந்தன. 1983-ல் பூலன் தேவி சரணடைந்த மேடையும் அதே பிந்த்தில்தான். நிலச் சண்டையும் சாதிப் பகையும் போலீஸ் கெடுபிடியும் அப்படியே இருக்கும்போது, ஆட்கள் மட்டும் மாறினால் போதாது என்று ஜே.பி முசாஹரியில் கண்டுகொண்டது இங்கேயும் உண்மையானது. ஆனாலும், பூலன் தேவி துப்பாக்கியை வைத்தபோது நம்பி வைக்க ஒரு வழக்கம் அங்கே உருவாகியிருந்தது. தூக்கு இல்லை என்ற நிபந்தனை, காந்தி படம் வைத்த மேடை எல்லாம் 1972 போட்டுக்கொடுத்த பாதை.

ஒரு வருடம் கழித்து...

ஜௌராவில் ஜே.பி-யோடு இருந்த பிரபாவதி, 1973 ஏப்ரல் 15-ல் புற்றுநோயால் காலமானார். சரணாகதி நடந்து சரியாக ஒரு வருடம். ஐம்பது வருடத்துக்கு மேல் கூட இருந்தவர் போனதில் ஜே.பி நொறுங்கிப்போனார். அடுத்த வருடமே பீகார் மாணவர்கள் அவரை வீதிக்கு அழைத்துவந்தார்கள். 1975 ஜூனில் நெருக்கடி நிலை, மறுபடியும் சிறை. சிறுநீரகம் பழுதாகித்தான் வெளியே வந்தார். 1979 அக்டோபர் 8-ல் பாட்னாவில் இறந்தார். 1999-ல் பாரத ரத்னா கொடுத்தார்கள்.

வாழ்நாள் முழுக்க ஓர் அரசுப் பதவியும் வகிக்காத மனிதர் அவர். மன்னிக்கும் அதிகாரமும் அவரிடம் இல்லை, விடுதலை பண்ணும் அதிகாரமும் இல்லை. அவரால் கொடுக்க முடிந்தது ஒரு வாக்கு, அதைக் காப்பாற்ற மாதக்கணக்கில் எழுதிய கடிதங்கள்.

நம்ம தெருவிலும் ஜெயிலுக்குப் போய்விட்டு வந்தவர் ஒருவர் இருக்கலாம். பழைய கூட்டாளிகள் வேண்டாம் என்று ஒதுங்கி, வேலை கேட்டும் வாடகை வீடு கேட்டும் அலைந்துகொண்டிருக்கலாம். எல்லோரையும் நம்பிவிட முடியாது, ஜே.பி-யும் விசாரிக்காமல் நம்பவில்லை. ஆனால், எல்லாக் கதவும் சாத்தியிருந்தால், அந்த ஆளுக்குத் திறந்திருப்பது பழைய கூட்டாளியின் கதவு ஒன்றுதான். அடுத்த தடவை அப்படி ஒருவர் வந்து கேட்டால், பாட்னா வீட்டு வாசலில் வந்து நின்ற அந்தக் காண்ட்ராக்டரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம்.